ஸ்போலெத்தோவின் கோட்டையும் குழாயடிகளும்

இத்தாலிக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால் நண்பர்கள் கேட்பது மூன்றே கேள்விகள். சாய்ந்த கோபுரம் பார்த்தீர்களா? போப்பைப் பார்த்தீர்களா? சோறு கிடைத்ததா? என் பதிலும் சுருக்கம்தான்: இல்லை, தூரத்தில், மகள் வீட்டில். நாலாவதாக யாராவது ஒருவர் "மனசில் நின்ற ஊர் எது?" என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

ஊரின் பேர் ஸ்போலெத்தோ. ரோமிலிருந்து வடக்கே ரயிலில் ஒன்றரை மணி நேரம். உம்ப்ரியா என்கிற மலைப் பிரதேசத்தில் இருக்கிறது. ஜனத்தொகை நாற்பதாயிரத்துக்குள். நம் ஊர் வார்டுகள் நாலைந்தைச் சேர்த்தால் அவ்வளவு வந்துவிடும். 2019 அக்டோபரில் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் இருவரையும் பேரனையும் அங்கே கூட்டிப்போனார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் ஒரு பெரிய கறுப்பு இரும்புச் சமாச்சாரம் நிற்கிறது. பதினெட்டு மீட்டர் உயரம். கால்களைப் பரப்பிக்கொண்டு நிற்கும் ஏதோ மிருகம் மாதிரி இருந்தது. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1962ல் செய்தது என்று மாப்பிள்ளை சொன்னார். "இது என்ன மாப்பிள்ளை, பாலம் கட்டி பாதியில விட்டுட்டாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அதற்குமேல் நாங்கள் யாரும் கலை விமரிசனம் செய்யவில்லை.

பழைய ஊர் முழுக்க மலைச்சரிவில் இருக்கிறது. எனக்கு வலது முழங்கால் தகராறு. எப்படி ஏறுவது என்று யோசித்தபடிதான் போனேன். இத்தாலிக்காரன் மலையைக் குடைந்து உள்ளே நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறான்! ஷாப்பிங் மாலில் இருப்பது போலவே, ஒன்று முடிந்தால் அடுத்தது. கார்களைக் கீழேயே நிறுத்திவிட்டு ஜனங்கள் இதில் ஏறி ஊருக்குள் போகிறார்கள். உள்ளூர்ப் பாட்டிகள் காய்கறிப் பையோடு நின்றபடியே உயர்ந்துகொண்டிருந்தார்கள். பழைய ஊரைப் பழைய ஊராகவே வைத்துக்கொண்டு வயசானவர்களையும் மறக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டால் நான் இந்தப் படிக்கட்டைத்தான் காட்டுவேன்.

மேலே போனால் கோட்டை. ரோக்கா என்கிறார்கள். நீளமான செவ்வகம், ஆறு கோபுரங்கள், உள்ளே இரண்டு முற்றங்கள். ஒன்று அதிகாரிகள் வாழ்ந்த பக்கம், மற்றொன்று படைவீரர்கள் பக்கம். இதைக் கட்டிய கதை சுவாரஸ்யமானது. பதினாலாம் நூற்றாண்டில் போப்புகள் ரோமில் இல்லை, பிரான்சில் அவிஞோனில் இருந்தார்கள். முதலாளி வெளியூரில் இருந்தால் சொத்து என்ன ஆகும்? மத்திய இத்தாலியின் ஊர்கள் எல்லாம் தலைக்குத் தலை நாட்டாமை ஆகிவிட்டன. அவற்றை மறுபடி வழிக்குக் கொண்டுவர போப் அனுப்பிய ஆள்தான் ஸ்பானிய கார்டினல் அல்போர்னோஸ். போர்வீரர், நிர்வாகி, மதகுரு, எல்லாம் ஒரே ஆள். அவர் பிடித்த ஊர்களில் எல்லாம் உச்சியில் ஒரு கோட்டையைக் கட்டினார். ஸ்போலெத்தோவில் 1359ல் வேலை ஆரம்பம். மேஸ்திரி என்று சொன்னால் குறைவு, தலைமைக் கட்டடக் கலைஞர் மத்தேயோ கட்டப்போனே. பக்கத்து குப்பியோ ஊர்க்காரர்.

வெளியிலிருந்து வரும் எதிரிக்காகக் கட்டியது என்று முதலில் நினைத்துக்கொண்டேன். மேலே நின்று பார்த்தால்தான் தெரிகிறது, கோட்டை ஊரின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு ஊரையே பார்க்கிறது. "நான் இங்கே இருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்" என்று ஊர்ஜனத்துக்குச் சொல்வதற்காகவே கட்டிய மாதிரி.

1499ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் தன் சொந்த மகள் லுக்ரேசியா போர்ஜியாவை இங்கே ஆளுநராக அனுப்பினார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயசு 19. போப்புக்கு ஏது மகள் என்று கேட்காதீர்கள், அது தனிக் கட்டுரை. உள்ளே ஒரு அறையின் சுவர்களில் வீரர்களும் சீமாட்டிகளுமாகப் பழைய ஓவியங்கள் மிச்சம் இருக்கின்றன. இவ்வளவு அலங்காரமான இடம் 1817ல் சிறைச்சாலை ஆனது. 1980களின் ஆரம்பம் வரை சிறையாகவே இருந்தது. ஏறக்குறைய 165 வருஷம்! இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இங்கே அடைபட்டிருந்த யுகோஸ்லாவியக் கைதிகள் 1943ல் தப்பித்து, மலைகளில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். இப்போது அருங்காட்சியகம். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதெல்லாம் அங்கே கைதிகள் எண்ணிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தபோது, கோட்டை சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது போல் இருந்தது.

கோட்டையைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. அதில் பின்பக்கமாகத் திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். மகள் "அப்பா, கால் வலிக்குதா?" என்றாள். வலி இல்லை. எதிரே பாலம்.

முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவன் நான். ஓவர்ஹெட் டேங்க், பம்பிங் மெயின், வால்வு, லீக்கேஜ், இதுதான் என் உலகம். அந்த வேலை பார்த்தவன் கண்ணுக்கு அந்தப் பாலம் எப்படித் தெரிந்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். கோட்டை இருக்கும் குன்றுக்கும் எதிரே மோந்தேலூக்கோ என்ற மலைக்கும் நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே 230 மீட்டர் நீளத்துக்குப் பத்து வளைவுகள். நடுவில் உயரம் ஏறக்குறைய 80 மீட்டர். இருபத்தைந்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கோபுரங்களின் பாலம்' என்று பேர். பாலத்தின் ஒரு ஓரத்தில் உயரமான சுவர், அந்தச் சுவரின் மேல் தண்ணீர்க் கால்வாய். பக்கத்திலேயே மனிதர்கள் நடக்கப் பாதை. அக்கரை மலை ஊற்றுகளின் தண்ணீர் இந்த வழியாகத்தான் கோட்டைக்கும் ஊருக்கும் வந்தது.

"தண்ணிக்காகவா இவ்வளவு பெரிசு கட்டினாங்க? குழாய் போட்டிருக்கலாமே" என்றார் மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்காரர். எனக்கு இதைவிட நல்ல கேள்வி அந்தப் பயணத்தில் வேறு கிடைக்கவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். குழாயைப் பள்ளத்தாக்குக்குள் இறக்கி மறுபக்கம் ஏற்றினால் தண்ணீர் தானாக ஏறிவிடும், அது சரி. ஆனால் அடிமட்டத்தில் 80 மீட்டர் தண்ணீரின் அழுத்தம் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோ. இன்று நாம் வார்ப்பிரும்புக் குழாய் போட்டு, மூட்டு மூட்டாக டெஸ்ட் பண்ணியும் சில இடங்களில் பீய்ச்சி அடிக்கிறது. அன்றைக்குச் சுட்ட மண் குழாயில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் மூட்டு ஏது? அதனால் தண்ணீரைக் கீழே விடாமல், மேலேயே, லேசான சரிவில் நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. பூமியின் இழுப்பு மட்டும்தான். நூற்றுக்கணக்கான வருஷம் பில் வராத பம்ப் அது.

பாலம் பதின்மூன்று, பதினாலாம் நூற்றாண்டுகளில் எழுந்தது என்கிறார்கள். அடியில் ரோமானியர் காலத்து வேலை இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஜெர்மானியக் கவிஞர் கதே 1786 அக்டோபரில் இந்த வழியாக வந்தபோது பாலத்தின் மேலே ஏறிப் பார்த்துவிட்டுத் தன் பயணக் குறிப்பில் மனசாரப் பாராட்டியிருக்கிறார். பொதுஜனப் பயன்பாட்டுக்காகக் கட்டுவதுதான் உண்மையான கட்டடக்கலை என்பது அவர் கட்சி. ஒரு கவிஞர் வாட்டர் சப்ளை திட்டத்தைப் பாராட்டியதாக நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்களுக்குப் பாலத்தில் நடக்கக் கொடுத்துவைக்கவில்லை. 2016ல் மத்திய இத்தாலியை உலுக்கிய நிலநடுக்கம் நினைவிருக்கலாம். அமத்ரீச்சே ஊரே தரைமட்டமானது, ஏறக்குறைய 300 பேர் போனார்கள். அதற்குப் பிறகு பாலத்தை மூடிவிட்டார்கள். வாசலில் தடுப்பு. பேரன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

அங்கிருந்து அக்கரையில் ஒரு சின்னக் காவல்கோட்டை தெரிகிறது. தண்ணீரின் வேகத்தை வைத்து மாவு அரைக்கும் ஆலையும் அங்கே இருந்ததால் 'ஆலைக் கோட்டை' என்று பேர். பாலத்தின் அந்த முனையில் காவல்கோட்டை, இந்த முனையில் பெரிய கோட்டை. எனக்கு அப்போதுதான் சங்கதி முழுசாகப் பிடிபட்டது. கோட்டை உட்கார்ந்திருப்பது உச்சியில் மட்டுமில்லை, ஊருக்குப் போகிற தண்ணீரின் கழுத்தில். வால்வுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் ஊருக்குத் தலைவன். எங்கள் டேங்க் ஆபரேட்டர்கள் பலபேருக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊற்று இருக்கும் மோந்தேலூக்கோ மலை, பசுமை மாறாத ஓக் மரங்கள் அடர்ந்த சுண்ணாம்புப்பாறை மலை. ரோமானியர் காலத்திலேயே அது சாமி காடு. அங்கே மரம் வெட்டக் கூடாது என்று கிறிஸ்துவுக்கு முன்பே பழைய லத்தீனில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். மீறினால் ஜூபிடர் கடவுளுக்கு ஒரு மாடு பலி கொடுக்கவேண்டும். தெரிந்தே மீறினால் அதோடு 300 காசு அபராதம். அந்தக் கல்வெட்டு ஊரின் தொல்பொருள் காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கத்துக் கோயில்காடுகள் ஞாபகம் வராமல் இருக்குமா? மலையில் மரம் இருந்தால்தான் மழை மண்ணுக்குள் இறங்கும், ஊற்று ஊறும். மாட்டையும் காசையும் வைத்து அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கோட்டையிலிருந்து இறங்கினால் முதல் குழாயடி. குழாயடி என்றால் நம் தெருக்குழாய் இல்லை. சுவரில் ஒரு பெரிய ராட்சத முகம், அதன் திறந்த வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பாலம் வழியாக வந்த தண்ணீர் ஊருக்குள் நுழையும் இடம் அது. பேரன் அந்த முகத்தைப் பார்த்து, அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றான். போட்டோ இருக்கிறது.

இன்னும் கீழே சந்தைச் சதுக்கம். ரோமானியர் காலத்தில் ஊரின் மன்றம் இருந்த அதே இடம். இன்றைக்கும் காலையில் காய்கறி, பழக் கடைகள் போடுகிறார்கள். சதுக்கத்தின் ஒரு முனை முழுக்க, கோயில் முகப்பு மாதிரி ஒரு பெரிய நீரூற்று. மேல்பகுதி 1626ல் போப் எட்டாம் அர்பனுக்காகக் கார்லோ மதெர்னோ வடிவமைத்த நினைவுச்சின்னம். போப் ஆவதற்கு முன் அவர் இந்த ஊருக்கு பிஷப்பாக இருந்தவர். கலிலியோவை விசாரணைக்கு நிறுத்திய அதே போப். அவர் குடும்பச் சின்னம் மூன்று தேனீக்கள். கீழே தண்ணீர் கொட்டும் பகுதியை 1746க்கும் 1748க்கும் இடையில் கோஸ்தாந்தீனோ ஃபியாஸ்கெத்தி என்பவர் சேர்த்தார். உச்சியில் கடிகாரம். தண்ணீர் விழும் சத்தத்தில்தான் அந்தச் சதுக்கத்து வியாபாரமே நடக்கிறது.

"என்னங்க, இப்படி வீணா ஓடுதே, ஒரு பைப்பைத் திருகி மூடினா என்ன?" இது என் மனைவி. முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோடு நின்றவள், அவளுக்கு அப்படித்தான் தோன்றும். அந்தக் காலத்து முறையில் ஓட்டத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பின்னால் எங்காவது கால்வாய் வழியும், இல்லை உடையும். அதனால் வழிகிற தண்ணீருக்கும் வேலை கொடுத்தார்கள். இத்தாலியின் பல பழைய ஊர்களில், முதல் தொட்டி குடிக்க, அதில் வழிவது அடுத்த தொட்டியில் கால்நடைக்கு, அதிலும் வழிவது துணி துவைக்க என்று வரிசை வைத்திருந்தார்கள். வரிசை மாறினால் அபராதம். நான் இதைச் சொன்னதும் "மூணாவது தொட்டியில பொம்பளைங்க நின்னிருப்பாங்க" என்றாள். சரிதான்.

குடிக்க முடியாத தண்ணீர் என்றால் 'நோன் பொத்தாபிலே' என்று பலகை வைத்துவிடுகிறார்கள். ஒரு சந்தில் சுவரோரக் குழாயில் எண்பது வயசு இருக்கும் பாட்டி ஒருத்தி பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தள்ளி நின்று, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கைகாட்டினாள். சில்லென்ற தண்ணீர், சுண்ணாம்புப் பாறைத் தண்ணீருக்கே உரிய கனம் நாக்கில் தெரிந்தது. நூற்றைம்பது, இருநூறு கடினத்தன்மை இருக்கும் என்று பழக்க தோஷத்தில் மனசு கணக்குப் போட்டது.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மகள் பேச்சை ஆரம்பித்திருந்தாள். வீட்டை விற்றுவிட்டு நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள், அங்கே தனியாக யார் இருக்கிறார்கள், ராத்திரி ஒன்று என்றால் யார் ஓடிவருவார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். என் மனைவிக்குப் பேரனை விட்டுப் பிரிய மனசில்லை. எனக்கு வீட்டை விற்க மனசில்லை. ஒரு வாரமாக இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

பேராலயத்துக்கு அகலமான படிகள் இறங்கிப் போகவேண்டும். உள்ளே, பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவர் முழுக்க மாதாவின் வாழ்க்கை ஓவியங்கள். வரைந்தவர் ஃபிளாரன்ஸ்காரர் ஃபிலிப்போ லிப்பி. துறவியாக இருந்து, ஒரு கன்னியாஸ்திரியோடு குடும்பம் நடத்தி, பிள்ளையும் பெற்ற ஆசாமி. படம் என்னவோ தெய்வீகம். வேலை முடியும் தறுவாயில் 1469ல் இந்த ஊரிலேயே செத்துப்போனார். ஃபிளாரன்சை ஆண்ட லொரென்சோ தெ மெடிச்சி, எங்கள் ஊர்க்காரர் உடலைக் கொடுங்கள் என்று கேட்டாராம். உங்கள் ஊரில் பெரிய மனுஷர்கள் நிறைய இருக்கிறார்கள், எங்களுக்கு ஆள் பஞ்சம், இவராவது இருக்கட்டும் என்று ஸ்போலெத்தோக்காரர்கள் மறுத்துவிட்டதாக வசாரி எழுதிவைத்திருக்கிறார். லொரென்சோ அங்கேயே ஒரு பளிங்குக் கல்லறை கட்டவைத்தார். வடிவமைத்தது லிப்பியின் மகன்.

மகள் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது என் மனைவி கல்லறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தோம். சதுக்கத்தின் ஓரத்தில் ரோமானியர் காலத்துக் கல் சவப்பெட்டி ஒன்றையே தண்ணீர்த் தொட்டியாக வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று மாப்பிள்ளை சொன்னதும், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டாள்:

"இங்க வந்து நாங்க போயிட்டா, எங்கேடி எரிப்பீங்க?"

மகளுக்குப் பேச்சு வரவில்லை. "என்னம்மா இது, இப்ப போய்..." என்றாள். "இல்லடி, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று சாதாரணமாகவே சொன்னாள் அவள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் கட்சி ஜெயித்த மாதிரி ஆகிவிடும், அது அவளுக்குப் பிடிக்காது.

சாயங்கால ரயிலில் பேரன் அவள் மடியில் தூங்கிவிட்டான். அவன் தலையைத் தடவிக்கொண்டே, "வீட்டை விக்க வேணாங்க. வருஷத்துல நாலு மாசம் இங்க வந்து இருக்கேன். நீங்க வரீங்களோ இல்லையோ" என்றாள். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அப்பீல் கிடையாது.

டிசம்பரில் ஊர் திரும்பினோம். அடுத்த மார்ச் 9ஆம் தேதி இத்தாலி முழுவதும் கதவைச் சாத்தியது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரெண்டு வாரத்தில் நாமும் சாத்தினோம். டிவியில் ராணுவ லாரிகளில் சவப்பெட்டிகள் போவதைக் காட்டிய அன்று அவள் சாப்பிடவில்லை. வீடியோ காலில் பேரன் முகம் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள். அங்கேயே இருந்திருக்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நல்லவேளை வந்துவிட்டோம் என்று நானும் சொல்லவில்லை.

2022ல் என் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் போக முடியவில்லை. அவள் தனியாக விமானம் ஏறினாள், அறுபத்தாறு வயசில், வாழ்க்கையில் முதல் தடவையாக. எனக்குத் துணையாக என் தம்பி வந்து இருந்தான். ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து போன். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"என்னங்க, ஸ்போலெத்தோ வந்திருக்கோம். அந்தப் பூதம் வாயில தண்ணி கொட்டுமே, அங்க நிக்கிறோம். இவன் இப்ப அதைவிட வாயைப் பெரிசாத் திறக்கிறான். நீங்க மாத்திரை போட்டீங்களா?"

போட்டுவிட்டேன் என்றேன்.